ஆட்டை முதலில் விசாரித்த கடிதம்

என் தங்கையின் கணவரை எனக்குப் பிடிக்காது. பெண் கேட்டு வந்த முதல் நாளே பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நாலு நல்ல வார்த்தையாவது வரும் என்று வீட்டில் எதிர்பார்க்கிறார்கள். வராது. பிடிக்காதவரைப் பிடிக்காது என்று எழுதக்கூட இந்த வயதில் எனக்கு உரிமை இல்லையென்றால் பேனாவை எதற்குத் தொட வேண்டும்?

அவர் கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். வேதக்காரக் குடும்பம். மாதம் ஒரு முறை சாமியார் தோட்டத்துக்கு வந்து பூசை வைக்கும்போது முன்வரிசையில் நின்று சத்தமாகப் பாடுகிற ஆள். கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று என் தங்கை ஒற்றைக்காலில் நின்றாள். அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால், வேண்டாம் என்று சொல்கிற வேலை என்மேல் விழுந்தது. சொன்னேன். “முடிஞ்சா தடுத்துப் பாரு அண்ணே” என்றாள். தலையில் தண்ணீர் ஊற்றி அவளுக்கு வேறு பெயர் வைத்தார்கள். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தவள் முக்காடு போட்டுக்கொண்டு மாதா கோயிலுக்குப் போனாள். அந்தப் புதுப் பெயரைச் சொல்லி நான் அவளை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. கல்யாணத்துக்குப் போகவில்லை. அவள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை.

நான் அப்போது கூலிம் டவுனில் ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் அறை எடுத்து மனைவியோடு குடியிருந்தேன். தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, எழுதியே பிழைக்கிறேன் பார் என்று டவுனுக்கு வந்தவன். பினாங்குப் பத்திரிகை ஒன்றுக்குக் கதையும் கட்டுரையும் அனுப்புவேன். அது போதாது என்பதால் கல்யாண வாழ்த்துப்பா, கோயில் திருவிழா நோட்டீஸ், துரைக்குப் பெட்டிஷன், ஊரில் இருக்கிறவர்களுக்குக் கடிதம் என்று கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுப்பேன். மாதச் சம்பளம் கிடையாது. வேலை வந்த மாதம் மீன், வராத மாதம் வெறும் ரசம். மாமனார் வீட்டில் என்னை ‘எழுத்தாளர்’ என்று சொல்லும்போது அவர்கள் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும்.

எதை எழுதினாலும் மேலே பிள்ளையார் சுழி போடாமல் என் பேனா நகராது. மற்றவர்கள் போடுவதுபோல் இல்லை என் சுழி. வாலை வலப்பக்கம் நீளமாக இழுத்து, கீழே இரண்டு கோடு போட்டு, கடைசிக் கோட்டின் நுனியில் ஒரு புள்ளி வைப்பேன். பத்திரிகை ஆபீசில் அந்தப் புள்ளியைப் பார்த்தே யாருடைய கதை என்று சொல்லிவிடுவார்களாம். எனக்கு அதில் பெருமை தாங்காது.

கல்யாணமான மூன்றாம் மாதம் மச்சானிடமிருந்து கடிதம் வந்தது. உபதேசியார் புண்ணியத்தில் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும். காகிதத்தின் உச்சியில் பெரிய சிலுவை. அதற்கு அடுத்த வரி: ‘எங்கள் ஆடு நலம். இரண்டு குட்டி போட்டிருக்கிறது. உங்கள் தங்கையும் நலம்.’ எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் தங்கச்சி ஆட்டுக்கு அப்புறமா? வம்புக்குத்தான் எழுதுகிறார் என்று நினைத்தேன். அப்படி இல்லை. அந்த மனுஷர் யாருக்கு எழுதினாலும் ஆட்டிலிருந்துதான் ஆரம்பிப்பார் என்று பிறகு தெரிந்தது.

நான் பதில் எழுதவில்லை. அவருடைய சிலுவைக்கு மேலே என் சுழியைப் போட்டு, அதே காகிதத்தைத் திருப்பி அனுப்பினேன். இரண்டு வாரத்தில் அது மறுபடி வந்தது. என் சுழிக்கு மேலே இன்னொரு சிலுவை. விடுவேனா? அதற்கு மேலே இன்னொரு சுழி. இப்படியே நாலைந்து தடவை போய் வந்தது. மேலே இடமில்லாமல் போனதால்தான் சண்டை நின்றது. மீசை முளைத்த இரண்டு ஆம்பிளைகள் செய்கிற வேலையா இது? செய்தோம். ஒவ்வொரு தடவையும் என் தங்கை அந்தக் காகிதத்தைப் பிரித்துப் பார்த்து அழுதிருக்கிறாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் சுழி எது, சிலுவை எது என்று தெரியும்.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். பத்திரிகை நின்றது. கப்பல் இல்லாததால் ஊருக்குக் கடிதம் நின்றது. துரைமார்கள் ஓடிவிட்டதால் பெட்டிஷன் எழுதினாலும் வாங்க ஆளில்லை. கல்யாணங்கள் வாழ்த்துப்பா இல்லாமலே நடந்தன. ரப்பர் வாங்குவாரில்லாமல் தோட்டங்களில் பால் வெட்டு நின்றுபோய், ஜனங்கள் மரங்களுக்கு நடுவே ஊபி என்கிற மரவள்ளிக் கிழங்கை நட்டுத் தின்றார்கள். நாங்களும் காலை ஊபி, மதியம் ஊபி, பொழுதுபோனால் ஊபி. என் மனைவிக்கு அப்போது ஐந்து மாதம். கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. பழைய தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெஸர் வந்து பார்த்துவிட்டு, “மருந்தெல்லாம் கிடையாது வாத்தியாரே, அரிசி குடுங்க” என்றார். அரிசி குடுங்களாம். அவர் பையிலா வைத்திருந்தார் எனக்குக் கொடுக்க?

அந்தச் சமயத்தில்தான் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் எடுத்தார்கள். முதல் லாரியிலேயே மச்சான் போய்விட்டார் என்று கடைக்காரர் சொன்னார். “தங்கச்சி ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்களோட தனியா கெடக்குதாமே, போய்ப் பார்க்கலையா?” என்று கேட்டார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்: “அவங்க சாமி பார்த்துக்கட்டும்.”

சில வாரம் கழித்து தோட்ட ஆபீசில் கணக்கு எழுதுகிற ஒரு கிராணி என்னைத் தேடி வந்தார். டயர் கிடைக்காமல் சைக்கிள் சக்கரத்தில் தண்ணீர் விடுகிற ரப்பர்க் குழாயைச் சுற்றிக் கட்டியிருந்தார். தெருவில் வரும்போதே தடக் தடக் என்று கேட்டது. கோலா கெத்தில் வட்டாரத்தில் நாலைந்து தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கிற பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ‘எஸ் சார்’ போட்ட அதே வாய் இப்போது குனிந்து குனிந்து ‘ஹாய்’ போட்டது. ஒரு பையை மேசைமேல் வைத்தார். உள்ளே அரிசி.

“எழுத்தாளரே, உங்களுக்கு ஒரு வேலை இருக்கு.”

“ஜப்பான்காரனுக்கு நான் எழுத மாட்டேன்.”

“யாரு ஜப்பான்காரனுக்கு எழுதச் சொன்னா? நம்ம ஆளுங்களுக்குத்தான். சயாமுக்குப் போனவனுங்களுக்கு எழுதத் தெரியாது. இங்க பொம்பளைங்க தினம் வந்து என் ஆபீஸ் வாசல்ல அழுவுறாங்க. அவனுங்களுக்குப் பதிலா நீங்க ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தா புண்ணியம் இல்லையா?”

“அவங்க ஒண்ணும் சொல்லாம நான் எப்படி எழுதறது?”

“நீங்க கதை எழுதறவருதானேலா?” என்றார்.

உள்ளே என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற சத்தம் கேட்டது. நான் பையை எடுத்து உள்ளே வைத்தேன். மனைவியிடம் ஒரு சீனன் கடைக்காரருக்குக் கணக்கு எழுதிக் கொடுத்ததாகச் சொன்னேன். நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், சோறு முன்னால் இருக்கும்போது.

கிராணி தானே எழுதிய ஒரு கடிதத்தை மாதிரிக்குக் காட்டினார். ‘இங்கு யாவரும் நலம். சாப்பாடு நிறைய. சம்பளம் நிறைய.’ அதைத் தோட்டத்தில் படித்துக் காட்டினாராம், ஒரு பொம்பளைகூட நம்பவில்லையாம். எப்படி நம்புவார்கள்? எனக்குச் சிரிப்பு வந்தது. குறை சொல்லாத புருஷனை எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? நான் குறை எழுதினேன். கொசு பிடுங்குகிறது, குழம்பில் உப்பு அதிகம், பக்கத்துப் பாயில் படுக்கிறவன் குறட்டை விடுகிறான் என்று எழுதினேன். அதற்கு நடுவில் சம்பளத்தை ஒரு வரி செருகினேன். கிராணி படித்துவிட்டு வாயைப் பிளந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக ஒருத்தரும் என் எழுத்தைப் பார்த்து வாயைப் பிளக்கவில்லை.

ஐந்து கடிதம் எழுதினேன். எல்லாவற்றுக்கும் மேலே சுழி. ‘கல்யாணமாகாதவன், அம்மா மட்டும்’, ‘பெண்டாட்டி, கைக்குழந்தை’ என்று கிராணி ஆள் வகை சொல்வார், பெயர் சொல்ல மாட்டார். கீழே பெயரை அவரே எழுதிக்கொள்வார். நானும் கேட்டதில்லை.

ஆறாவது கடிதத்துக்கு முன்னால் ஒருவன் வந்தான். சயாமிலிருந்து தப்பி ஓடி வந்தவன். முழங்காலுக்குக் கீழே புண் எலும்பு வரை தின்றிருந்தது. நாற்றம் அவனுக்கு முன்னால் கடைக்குள் வந்தது. செர்டாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கும் அவன் அம்மாவுக்கு, உயிரோடு இருக்கிறேன், யாரிடமும் சொல்லாதே என்று ஒரு வரி எழுதித் தரச் சொன்னான். எழுதும்போது அவனாகவே சொல்லிக்கொண்டு போனான். வாந்திபேதி கண்டவர்களை மூச்சு இருக்கும்போதே குடிசையோடு சேர்த்துக் கொளுத்துகிறார்கள். இவனோடு ஒரே ரயில் பெட்டியில் போனவர்களில் இவன் ஒருவன்தான் நடந்து திரும்பியவன். “சம்பளம்?” என்றேன். என்னைப் பார்த்து, “என்னங்க வாத்தியாரே, பைத்தியமா?” என்றான்.

அதற்குப் பிறகு நான் நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. கிராணி வந்தபோது அரிசி தீர்ந்து நாலு நாளாகியிருந்தது. மனைவியின் கால் மறுபடி வீங்க ஆரம்பித்திருந்தது. இன்னும் இரண்டு எழுதினேன். எல்லாம் தெரிந்தே எழுதினேன். இந்தத் தடவை அவர் ஒரு வரி கூடுதலாகக் கேட்டார். ஆம்பிளைகள் தீர்ந்துகொண்டு வருகிறார்கள், ஆகவே குடும்பத்தோடு வரச் சொல்லி எழுதுங்கள், வந்தால் வீடு கொடுக்கிறார்கள் என்று போடுங்கள் என்றார். போட்டேன்.

கடைசிக் கடிதத்துக்கு அவர் சொன்ன வகை: ‘பெண்டாட்டி, ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க.’ தோட்டத்தில் பாதிப் பேருக்கு அது பொருந்தும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுத ஆரம்பித்தால் வரவில்லை. கொசு, உப்பு, குறட்டை எல்லாம் தீர்ந்துவிட்டன. அப்போதுதான் மச்சானின் அந்தப் பழைய காகிதம் நினைவுக்கு வந்தது. முதல் வரியாக எழுதினேன்: ‘ஆடு நலமா? குட்டிகள் பால் குடிக்கின்றனவா? நீயும் பிள்ளைகளும் நலமா?’ அதற்கப்புறம் மளமளவென்று வந்தது. அவர் குரலைக் கிண்டல் செய்கிற மாதிரியே எழுதிக்கொண்டு போனேன். அவரை வைத்துக் கிண்டல் செய்து எனக்குப் பழக்கம்தானே.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் என் தங்கை வந்தாள். ஆறு வருஷத்தில் முதல் தடவை. பாதி வழி மாட்டு வண்டி, மீதி நடை. இரண்டு பெண்களையும் கைக்கொருத்தியாகப் பிடித்திருந்தாள். கோணிச் சாக்கைத் தைத்து இடுப்பில் கட்டியிருந்தாள், மேலே பழைய ரவிக்கை. எனக்கென்று நாலு கொய்யாப் பழத்தை இலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். என் மனைவி பிள்ளைகளை உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். “அம்மா, சோறு! வெள்ளைச் சோறு!” என்று சின்னவள் உள்ளேயிருந்து கத்தினாள்.

தங்கை உட்காரவில்லை. முகம் பூரா சிரிப்பு. மடியிலிருந்து செபப் புத்தகத்தை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள்.

“அண்ணே, அவரு கடுதாசி போட்டிருக்காரு!”

மடிப்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என் மேசைமேல் மடித்த மடிப்பு.

“காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல எல்லாரும் நிக்கறப்போ கிராணி படிச்சாரு. யாருது யாருதுன்னு எல்லாரும் கேட்டுக்கிட்டே நிக்கிறாங்க. ‘ஆடு நலமா’ன்னு ஆரம்பிச்சாரு பாரு, எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. எனக்குத்தான் அழுகை நிக்கல. கிராணியும் கையில குடுத்துட்டாரு.”

நான் மேசைமேல் கிடந்த பேனாவைத் தள்ளி வைத்தேன்.

“வெள்ளிக்கிழமை லாரி வருது. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போறேன். பேரும் குடுத்துட்டேன். குடும்பத்தோட வந்தா வீடு குடுக்கறாங்களாமே, அவரே எழுதியிருக்காரு. போறதுக்கு முன்னால உன்னைப் பார்த்துட்டுப் போகணும்னு வந்தேன். ஏன்னு கேளு.” காகிதத்தை விரித்து என் முகத்துக்கு நேரே காட்டினாள். அதன் உச்சியில் விரலை வைத்தாள். “இங்க பாரு. மேல சுழி போட்டிருக்காரு. உனக்காகத்தான் அண்ணே! வேற எதுக்கு? உங்க அண்ணன்கிட்ட காட்டுன்னுதான் போட்டிருக்காரு. அவ்வளவு பிடிவாதம் பிடிச்ச மனுஷன், அங்க போய் எறங்கி வந்துட்டாரு. நீயும் கொஞ்சம் எறங்கி வாயேன்.”

அந்த விரல் என் புள்ளிக்குப் பக்கத்தில் இருந்தது. வெட்கமாக இருந்தது என்று சொன்னால் பொய். பயமாக இருந்தது. இன்று செவ்வாய், வெள்ளிக்கு மூன்று நாள்தான் என்று மட்டும் தலைக்குள் ஓடியது.

“போகாதே” என்றேன்.

“ஏன்?”

“அங்க எல்லாம் சாவுறாங்க. வாந்திபேதி. திரும்பி வந்த ஒருத்தனை நானே பார்த்தேன்.”

அவள் சிரிப்பு போய்விட்டது. “அவரு நல்லா இருக்கிறது உனக்குப் பொறுக்காதே! கடுதாசி கையில இருக்கு, இன்னும் சாவு அது இதுன்னு பேசுறியே. அவங்க சாமி பார்த்துக்கட்டும்னு சொன்னவன்தானே நீ? கடையில நின்னு சொன்னியாமே. என் காதுக்கு வரலைன்னு நெனைச்சியா?”

“சொன்னேன். இப்ப சொல்றேன், போகாதே.”

“உன்கிட்ட உத்தரவு கேட்டு நான் கல்யாணமே பண்ணல.” காகிதத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். “பாப்பா, வாங்கடி, போவோம்” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“அது நான் எழுதினது” என்றேன்.

“எது?”

“அந்தக் கடுதாசி. நான்தான் எழுதினேன். அரிசிக்கு எழுதினேன்.”

“பொய் சொல்றே.”

நான் மேசையில் உட்கார்ந்தேன். பேனாவைத் தொட்டு, ஒரு காகிதத்தின் உச்சியில் சுழி போட்டேன். வாலை இழுத்தேன், இரண்டு கோடு போட்டேன், நுனியில் புள்ளி வைத்தேன். அவளிடம் நீட்டினேன். அவள் செபப் புத்தகத்திலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள் எவ்வளவு நேரம் பார்ப்பாளோ அவ்வளவு நேரம் பார்த்தாள். இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஆடு?” என்றாள்.

“அவரு எனக்கு எழுதின பழைய கடுதாசியில இருந்து எடுத்தேன்.”

“அந்த ஆடு போய் ரெண்டு மாசம் ஆச்சு. அறுத்துத் தின்னுட்டோம். இங்க வர்ற வழி பூரா அவருக்கு அதை எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன்.” அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: “அப்போ அவரு?”

“தெரியாது” என்றேன். அது உண்மை. எனக்குத் தெரியாது.

செருப்பு இருந்திருந்தால் கழற்றி அடித்திருப்பாள். அந்தக் காலத்தில் எங்கள் யார் காலிலும் செருப்பு இல்லை. செபப் புத்தகத்தால் என் தோளில் அடித்தாள், வாயில் அடித்தாள், கை ஓயும்வரை அடித்தாள். நான் நகரவில்லை. உள்ளேயிருந்து என் மனைவி கரண்டியோடு வந்து வாசலில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“அப்ப அந்த அரிசி...” என்றாள். அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் இரண்டும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது.

என் தங்கை முந்தானை இல்லாததால் கையாலேயே முகத்தைத் துடைத்தாள். நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“எழுது” என்றாள்.

“என்ன எழுதறது?”

“வழி பூரா அப்பாகிட்ட போறோம், அப்பாகிட்ட போறோம்னு பாடிக்கிட்டே வந்துச்சுங்க. அதுங்ககிட்ட உங்க மாமா அரிசிக்கு எழுதினாருன்னு சொல்லவா? வர வேணாம்னு எழுது. இங்க கூட்டமா இருக்கு, வீடு இல்ல, நானே வர்றேன், அதுவரைக்கும் அம்மா பேச்சைக் கேட்டு வீட்டுல இருங்கன்னு எழுது. அவரு எழுதற மாதிரி எழுது. உனக்குத்தான் வருதே.”

நான் பழக்கத்தில் பேனாவை உச்சிக்குக் கொண்டுபோனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“சிலுவை போடு.”

என் வாழ்நாளில் நான் சிலுவை போட்டதில்லை. போட்டேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

“கூட்டல் கணக்கு மாதிரி போட்டிருக்கே. அவரு இப்படியா போடுவாரு? கீழ நீளமா இழு.”

அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எடுத்தேன். காகிதம் கிடைக்காத காலம், ஆனால் அவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டாவது தடவை சரியாக வந்தது. அடுத்த வரிக்குப் போனதும் கை நின்றுவிட்டது.

“ஆட்டைப் பத்தி எழுதவா, வேணாமா?”

“கேளு” என்றாள். “முதல்ல அதைத்தான் கேட்கணும்.”

எழுதி முடித்ததும் பெரியவளை உள்ளேயிருந்து கூப்பிட்டு, அப்பா மாமா வீட்டு முகவரிக்கு இன்னொன்று போட்டிருக்கிறார் என்று சொன்னாள். அதை என்னையே படிக்கச் சொன்னாள். நான் படித்தேன். பெரியவள் அழுதாள், சின்னவள் சோறு ஒட்டிய கையால் காகிதத்தைத் தொட்டுப் பார்த்தாள். மிச்சமிருந்த அரிசியை என் மனைவி ஒரு துணியில் கட்டிக்கொண்டு வந்து நீட்டினாள். பிள்ளைகளுக்காகத்தான் வாங்குகிறேன், உன் புருஷனுக்காக இல்லை என்று சொல்லிவிட்டுத் தங்கை வாங்கிக்கொண்டாள். மூன்று பேரும் வெயிலில் நடந்து போனார்கள்.

வெள்ளிக்கிழமை லாரி போனது. அதில் இவர்கள் இல்லை. பின்வாசல் வழியாகப் பக்கத்து லயத்து வீடுகளில் இருந்த பெண்கள் இரண்டு பேரிடம் என் தங்கை விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். ஒருத்தி நின்றுவிட்டாள். இன்னொருத்தி, “எம் புருஷன் எழுதினதைப் போய் நீ பொய்ங்கிறியா” என்று சண்டை போட்டுவிட்டு லாரியில் ஏறிவிட்டாள். அந்தப் புருஷனுடைய கடிதமும் நான் எழுதியதுதான். உப்பும் குறட்டையும் உள்ள கடிதம். அவளைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் கேள்விப்படவில்லை.

கிராணி மறுபடி வந்தபோது கையில் வாதம் என்று சொன்னேன். ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார். வேறு ஆள் கிடைத்திருப்பான். அச்சில் பெயர் வராதா என்று ஏங்குகிறவர்களுக்கு இந்த நாட்டில் எப்போதும் பஞ்சமில்லை. என் மனைவி ஊபி தின்றே பெற்றாள். குழந்தை பிழைத்தது. அவளும் பிழைத்தாள், ஆனால் அதற்குப் பிறகு நான் எங்கிருந்து எதைக் கொண்டுவந்தாலும் “இது என்ன எழுதினதுக்கு?” என்று கேட்காமல் அடுப்பில் வைத்ததில்லை. சண்டை முடிந்து பத்திரிகைகள் திரும்ப வந்தன. நானும் திரும்ப எழுத ஆரம்பித்தேன். சுழி மட்டும் போடுவதில்லை. எனக்குப் பக்தி போய்விட்டது, இவனும் தங்கை வழியில் போகப் போகிறான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பக்தி எங்கேயும் போகவில்லை. அந்தக் கடிதங்களுக்கெல்லாம் பிள்ளையாரை மேலே உட்கார வைத்துவிட்டு, மறுபடி அவரைக் கூப்பிட எனக்கு முகமில்லை. இதற்கும் போடவில்லை.

மச்சான் திரும்பி வரவில்லை. எங்கே போனார், எப்படிப் போனார் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. கல்லறை இல்லாததால் கல்லறைத் திருநாளன்று என் தங்கை வீட்டில் மெழுகுவத்தி ஏற்றி, நான் சிலுவை போட்டு எழுதிய அந்தக் கடிதத்தை எடுத்து வைக்கிறாள். கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்திருக்கிறார்கள். பெரிய பெண் இப்போது சுங்கை பட்டாணியில் டீச்சர். அவள்தான் எல்லாருக்கும் படித்துக் காட்டுவாள். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் தங்கை எனக்கு ஆள் அனுப்புவாள். நான் போவேன். சட்டத்துக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டிருப்பாள், அதில் உட்கார வேண்டும்.

போன வருஷம் படித்து முடித்துவிட்டுப் பெரியவள் என் பக்கம் திரும்பினாள். “மாமா, அப்பா ஏன் எங்களைக் கேட்காம ஆட்டை முதல்ல கேட்டிருக்காரு?”

“உங்கப்பா யாருக்கு எழுதினாலும் அப்படித்தாம்மா ஆரம்பிப்பாரு” என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

“மாமாவுக்கு அப்பாவை ரொம்பப் பிடிக்கும் போல” என்றாள் அவள், தன் பிள்ளைகளிடம். எல்லாருக்கும் காப்பி வந்தது. தங்கை தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தாள், என்னைத் தாண்டி அடுத்த ஆளுக்குக் கொடுத்தாள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

“உட்காரு அண்ணே” என்றாள். “சின்னவ இன்னொரு தடவை படிக்கணுமாம்.”